என் பெயரில் எடுத்த தொண்ணூற்றாறு

‘ஆன்லைன் கல்வியின் நன்மைகள்’ என்று தலைப்புப் போட்டு ஒரு தாளை எங்கள் கம்பெனி நோட்டீஸ் போர்டில் ஒட்டினார்கள். அந்த போர்டில் ஒட்டிய எந்தத் தாளும் எங்களுக்கு நல்லது செய்ததாக எனக்கு நினைவில்லை. கேன்டீனில் முட்டையை நிறுத்தியபோதுகூட ‘ஆரோக்கிய வாழ்வுக்கான புதிய மெனு’ என்றுதான் ஒட்டினார்கள். ஆகவே நன்மை என்ற சொல்லைப் படித்ததுமே பர்ஸைத் தொட்டுப் பார்த்துக்கொண்டேன்.

எங்கிருந்தும் படிக்கலாம். எப்போது வேண்டுமானாலும் படிக்கலாம். அவரவர் வேகத்தில் படிக்கலாம். வகுப்பறைக்கு வந்துபோகும் அலைச்சல் இல்லை. இப்படி ஏழெட்டு நன்மைகள். எல்லாவற்றுக்கும் கீழே, எறும்பு வரிசை மாதிரி சின்ன எழுத்தில், தேர்ச்சி பெறாதவர்கள் ஆய்வுப் பிரிவிலிருந்து பேக்கிங்குக்கு மாற்றப்படுவார்கள் என்று இருந்தது. கண்ணாடியை மேலே தூக்கி, கீழே இறக்கி, இரண்டு விதமாகவும் படித்துப் பார்த்தேன். இரண்டு விதத்திலும் பேக்கிங் என்றே இருந்தது.

நான் அம்பத்தூர் எஸ்டேட்டில், கார்களுக்கு பிராக்கெட் செய்யும் ஒரு நடுத்தரக் கம்பெனியில் பத்தொன்பது வருடமாக இன்ஸ்பெக்டர். போலீஸ் இல்லை, தரம் பார்க்கிற இன்ஸ்பெக்டர். மெஷினில் இருந்து வரும் பிராக்கெட்டை அளந்து, சரியென்றால் பச்சை டேக், தப்பென்றால் சிவப்பு டேக். எனக்கென்று ஒரு ஸ்டூல் உண்டு. ஏசி உண்டு. ஏசி அளவு பார்க்கும் கருவிகளுக்காகப் போட்டது, எனக்காக இல்லை. ஆனாலும் அதே காற்றுதான் எனக்கும். பேக்கிங்கில் ஸ்டூலும் இல்லை, ஏசியும் இல்லை. எட்டு மணி நேரம் நிற்க வேண்டும். எனக்கோ குதிகால் வலி. நாற்பத்தொன்பது வயதில் ஒரு ஸ்டூலுக்காக மனிதன் என்னென்ன கேவலம் செய்வான் என்பதுதான் இனி நான் சொல்லப்போவது.

முன்பெல்லாம் பயிற்சி என்றால் வகுப்பறை. மாடியில் ஒரு ஹால், வெளியிலிருந்து டை கட்டிய ஒருவர், பதினோரு மணிக்கு சமோசா. உயரமான ஃபிட்டர் ஒருவர் எங்கள் கம்பெனியில் இருந்தார். அவர் முதுகுக்குப் பின்னால் இடம் பிடிப்பதில்தான் எங்களுக்குள் போட்டி. அந்த முதுகு எத்தனையோ பயிற்சிகளில் என்னைக் காப்பாற்றியிருக்கிறது. டை கட்டியவர் “புரிஞ்சுதா?” என்பார். நான் தலையாட்டுவேன். கடைசியில் குரூப் போட்டோ, சான்றிதழ். அந்த ஹாலில் நான் உருப்படியாகக் கற்றது தலையாட்டுவது ஒன்றைத்தான்.

அந்த முதுகைத்தான் இப்போது பிடுங்கிவிட்டார்கள். எங்கள் பிராக்கெட்டை வாங்கும் கஸ்டமர் கம்பெனி, இனி பயிற்சி ஆன்லைனில்தான் என்று சொல்லிவிட்டதாம். வரைபடம் படிப்பது பற்றிப் பன்னிரண்டு மணி நேர வீடியோப் பாடம், அப்புறம் பரீட்சை, எழுபது வாங்கினால் பாஸ். இன்ஸ்பெக்டர்களும் சீனியர் ஆபரேட்டர்களுமாக இருபத்திரண்டு பேர். நாளுக்கு அரை மணி நேரம் வீதம் ஒரு மாதம் கெடு.

முதல் நாள் சாயங்காலம், கோவில்பதாகையில் என் வீட்டில், வீறாப்பாகத்தான் உட்கார்ந்தேன். நீலச்சட்டை போட்ட ஒருவன் போனுக்குள்ளிருந்து சிரித்தான். பாடம் தமிழில்தான். ஆனால் அவன் சிரித்துக்கொண்டே சொல்லும் எதுவும் எனக்குள் இறங்கவில்லை. பழக்க தோஷத்தில் தலையாட்டினேன். அவன் கண்டுகொள்ளவில்லை. தலையாட்டலுக்கு மதிப்பில்லாத இடத்தில் நான் எப்படிப் பிழைப்பது? பதினோராவது நிமிடம் தூங்கிவிட்டேன். விழித்துப் பார்த்தால் திரையில் ஒரு கட்டம்: ‘நீங்கள் இருக்கிறீர்களா?’ இருபது நிமிடத்துக்கு ஒரு முறை அதைக் கேட்குமாம். ஒரு நிமிடத்துக்குள் ‘இருக்கிறேன்’ என்று அழுத்தாவிட்டால் பாடம் திரும்ப முதலிலிருந்து. சொந்த வீட்டில், சொந்தப் பாயில் படுத்திருப்பவனைப் பார்த்து இருக்கிறாயா என்று கேட்பதைவிடப் பெரிய அவமரியாதை உண்டா?

மறுநாள் கம்பெனியில் விசாரித்தால், எல்லோரும் ஏற்கெனவே ஒரு வழி கண்டுபிடித்து வைத்திருந்தார்கள். அதற்கு ‘ஓடவுடறது’ என்று பெயர். எங்கள் கம்பெனியில் போனை உள்ளே விடமாட்டார்கள், கேட்டிலேயே வாங்கி வைத்துக்கொள்வார்கள். சும்மா கேட்டில் கிடக்கிற போன் வீட்டில் கிடந்தால் என்ன? வேலைக்குக் கிளம்பும்போது பாடத்தைத் தட்டிவிட்டு, போனை வீட்டில் வைத்துவிட்டு வந்துவிட வேண்டியது. நாம் இங்கே வேலை செய்வோம், பாடம் அங்கே ஓடும். கட்டம் வந்தால் அழுத்துவதற்கு வீட்டில் யாராவது இருந்தால் போதும். எங்கிருந்தும் படிக்கலாம் என்று போட்டிருந்தார்களே தவிர, படிக்கிறவனும் அங்கேயே இருக்க வேண்டும் என்று போடவில்லை.

அப்படியாக ஆவடியிலிருந்து பூந்தமல்லி வரை இருபத்திரண்டு வீடுகளில், அடுப்பங்கரையிலும் அரிசி டிரம் மேலும் நீலச்சட்டைக்காரன் ஒரு மாதம் பேசினான். பேசினான் என்றுதான் சொல்ல முடியும். கேட்டது யார் என்று நாங்கள் யாரும் யோசிக்கவில்லை.

என் மனைவி வீட்டு முன்னறையில் மெஷின் போட்டு ஸ்கூல் யூனிபார்ம் தைக்கிறாள். ப்ளஸ் டூ வரை கணக்கு எடுத்துப் படித்தவள். போனை அவளுடைய நூல் டப்பாமேல் சாய்த்து வைத்து, கட்டம் வந்தால் அழுத்து, கடைசியில் பரீட்சை வந்தால் கண்ணை மூடிக்கொண்டு எதையாவது போட்டுவிடு என்று சொல்லிவிட்டுக் கிளம்பினேன்.

“எதையாவதா?”

“எதையாவதுதான். எவன் பாக்கப்போறான்.”

அவள் போனைத் தன் பக்கமாகத் திருப்பி வைத்துக்கொண்டாள். அவளைப் பற்றி எனக்கு இருபத்து நாலு வருட அனுபவம் இருந்தும் நான் உஷாராகவில்லை.

ஒரு மாதம் கழித்து, ஒரு வியாழக்கிழமை காலை, நோட்டீஸ் போர்டில் மார்க் லிஸ்ட். கூட்டத்துக்கு வெளியே நின்று, கீழேயிருந்து என் பெயரைத் தேடினேன். நாற்பதுகளில் இல்லை. ஐம்பதுகளில் இல்லை. எழுபதுக்குப் பக்கத்தில் ஏழு பேர் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார்கள், அங்கேயும் இல்லை. என் பெயரையே எடுத்துவிட்டார்கள், பேக்கிங் உறுதி என்று குதிகால் துடிக்க ஆரம்பித்தபோது, யாரோ முதுகில் தட்டி மேலே காட்டினார்கள். முதல் பெயர் என்னுடையது. தொண்ணூற்றாறு.

எனக்குப் பக்கத்தில் நின்றவன், அந்த லிஸ்டையும் என்னையும் மாற்றி மாற்றிப் பார்த்தான். அவனைப் பற்றிச் சொல்ல வேண்டும். மூன்றாம் நம்பர் மில்லிங் மெஷின் ஆபரேட்டர். பாரிவாக்கத்துக்காரன். அவர்கள் வயலெல்லாம் இப்போது பிளாட் போட்டு வீடாகிவிட்டது. அந்த நிலத்தின் பிடிவாதம் மட்டும் இவனிடம் மிஞ்சியிருந்தது. அவன் போட்ட பிராக்கெட்டுகளுக்குப் பதினோரு வருடமாக நான் சிவப்பு டேக் ஒட்டி வருகிறேன். அவன் மெஷினுக்கு மேல் ஒரு கரும்பலகை தொங்கும். எல்லா ஆபரேட்டர்களின் ரிஜெக்ட் எண்ணிக்கையையும் அதில் சாக்பீஸால் எழுதுவது நான். அவன் பெயர் எப்போதும் முதலில். அந்தப் பலகையால்தான் அவனுக்கு இரண்டு முறை செட்டர் ஆகும் பதவி உயர்வு கைநழுவிப் போனது. என்னை அவன் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. ‘செவப்பு’ என்பான். பரீட்சையில் அவனுக்கு முப்பத்தெட்டு. ஊரில் மச்சினன் டீக்கடையில் ஓடவிட்டானாம். டீ குடிக்க வந்தவர்கள் கை தூக்கி, எந்தப் பதிலுக்கு ஆள் அதிகமோ அதைப் போட்டார்களாம்.

“தொண்ணூத்தாறு,” என்றான். “உனுக்கு. வடகறின்னு எழுதச் சொன்னா தப்பா எழுதுற ஆளு நீ.”

நான் பதில் சொல்வதற்குள் எச்.ஆர். மேனேஜர் வந்து என் கையைப் பிடித்துக் குலுக்கினார். ஆன்லைன் கல்வியின் நன்மைக்கு நான்தான் நிரூபணமாம். பெயிலான பதினாலு பேருக்கும் இன்னொரு வாய்ப்புத் தர கஸ்டமர் ஒப்புக்கொண்டுவிட்டதாம். அதற்கு முன்னால் வரும் திங்கட்கிழமை மாடி ஹாலில் ஒரு மணி நேர வகுப்பு. எடுக்கப்போவது நான். கஸ்டமர் கம்பெனி தர அதிகாரி அம்மாவும் வந்து உட்காருவார். ஆன்லைனில் படிக்காதவர்களை வகுப்பறையில் உட்காரவைத்து, ஆன்லைனில் படித்தவன் பாடம் நடத்துவது. இதில் என்ன நன்மை என்று கேட்கத் தோன்றியது. கேட்கவில்லை, பாத்ரூமுக்குப் போக வேண்டியிருந்தது.

அன்றைக்கு மட்டும் ஐந்து முறை போனேன். கணக்கு எளிமையானது. திங்கட்கிழமை வாயைத் திறந்தால் மாட்டிக்கொள்வேன். மாட்டிக்கொண்டால் பேக்கிங்கோடு நிற்காது, ஏமாற்றியதற்கு சார்ஜ் ஷீட்டும் வரும். வீட்டுக்குப் போகிற வழியில் கள்ளிக்குப்பத்தில் வண்டியை நிறுத்தி, மருந்துக் கடையில் காய்ச்சல் வருவதற்கு ஏதாவது மாத்திரை இருக்கிறதா என்று கேட்டேன். காய்ச்சலுக்குத்தானே என்றார் கடைக்காரர். காய்ச்சலுக்கு இல்லை, காய்ச்சல் வருவதற்கு என்றேன். அவர் என்னைப் பார்த்த பார்வையில், பின்னால் நின்ற அம்மா தன் குழந்தையை இடுப்புக்கு அந்தப் பக்கம் மாற்றிக்கொண்டாள்.

வீட்டில் மனைவி யூனிபார்ம் சட்டைக்குக் காலர் வைத்துக்கொண்டிருந்தாள். மார்க்கைச் சொன்னேன்.

“நூறு வரும்னு நெனச்சேன்,” என்றாள். “அந்த நாலு மார்க் எதுல போச்சுன்னு தெர்ல.”

“எதையாவது போடச் சொன்னா எதுக்குடி ஒழுங்கா போட்ட?”

மெஷினை நிறுத்தினாள். கோபம் வரும்போது அவள் பேச்சிலிருந்து முதலில் காணாமல் போவது ‘ங்க’தான்.

“யோவ். ஒரு மாசமா இந்த ரூம்ல நானும் அந்த ஆளும்தான். நீ கூட என்னான்ட அவ்ளோ நேரம் பேசினது கெடயாது. காதுல வுயுறத கேட்டேன். நல்லாதான் சொன்னான். கேள்வி வந்துச்சு, தெரிஞ்சுது, போட்டேன். தெரிஞ்சிகினே தப்பா போடறதுக்கு எனக்கு இன்னா தலையெழுத்தா?”

திங்கட்கிழமை விஷயத்தைச் சொன்னேன். சிரிப்பாள் என்று எதிர்பார்த்தேன். சிரிக்கவில்லை. ஒரு ஸ்டூலைக் காலால் தள்ளிவிட்டு, “குந்து,” என்றாள். வீட்டிலும் எனக்கென்று ஒரு ஸ்டூல் கிடைத்தது அப்போதுதான்.

வெள்ளி சாயங்காலம், சனி முழுக்க, ஞாயிறு சர்ச்சுக்குப் போய்வந்த பிறகு, மூன்று நாளும் நான் படித்தேன். அது படிப்பா சித்திரவதையா என்று கேட்டால் ஆன்லைன் பகுதி படிப்பு, மனைவி பகுதி சித்திரவதை. நீலச்சட்டைக்காரன் ஒன்றைச் சொல்வான், எனக்குப் புரியாது. பின்னால் தள்ளிவிட்டுத் திரும்பக் கேட்பேன். அதே சிரிப்போடு அதையே சொல்வான். ஒன்பதாவது முறை கேட்டாலும் அவன் புருவம்கூட உயராது. அவன்மேல் இருந்த வெறுப்பை மீறி இந்த ஒரு விஷயத்துக்காக அவனை ஒப்புக்கொள்ள வேண்டியிருந்தது. என் முட்டாள்தனத்துக்கு இவ்வளவு பொறுமையான சாட்சி எனக்கு வாய்த்ததில்லை. வகுப்பறையில் ஒன்பது முறை கையைத் தூக்க எனக்குத் தைரியம் இருந்திருந்தால், அந்த உயரமான ஃபிட்டர் முதுகை நான் தேடியிருக்கவே மாட்டேன்.

மனைவிக்குப் பொறுமை இரண்டாவது முறையோடு தீர்ந்துவிடும். ஆனால் அவளிடம் இருந்த ஒன்று அவனிடம் இல்லை. புரிந்ததா என்று அவன் கேட்டான், நான் தலையாட்டினேன், அவன் அடுத்த பாடத்துக்குப் போனான். அவள் தையலிலிருந்து தலையைக்கூட நிமிர்த்தாமல் சொன்னாள்: “தலையாட்டாத. புரியலன்னு மூஞ்சில எழுதிக்கீது.”

ஏழாவது பாடத்தில்தான் நான் சிக்கினேன். பிராக்கெட்டில் நான்கு துளைகள். ஒவ்வொரு துளையும் இந்த இடத்தில் இருக்க வேண்டும், இவ்வளவுதான் விலகலாம் என்று வரைபடத்தில் ஓர் எல்லை இருக்கும். அதைத் தாண்டினால் சிவப்பு. எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான். நீலச்சட்டைக்காரன் அதற்கு மேல் ஒன்று சொன்னான். சில வரைபடங்களில் அந்த எல்லைக்குப் பக்கத்தில் ஒரு குறி போட்டிருந்தால், துளை அதன் குறைந்தபட்ச அளவைவிடக் கொஞ்சம் பெரிதாக இருக்கும்போது, அந்தக் கொஞ்சத்தை இடத்துக்கும் சலுகையாகச் சேர்த்துக்கொள்ளலாமாம். ஒன்பது முறை கேட்டேன். பத்தாவது முறை போனைத் தூக்கிப் போடப் போனேன்.

மனைவி கையிலிருந்த சட்டையை என் மடியில் எறிந்தாள்.

“பட்டன் எட்த்துக்கோ. காஜா சின்னதா அடிச்சிட்டேன், பட்டன் கரெக்டா நேருக்கு நேர் இருக்கணும். இம்மி தள்ளி இருந்தாலும் மாட்டாது. அதே காஜா கொஞ்சம் பெருசா வுயுந்துச்சுன்னு வெச்சிக்கோ. பட்டன் கொஞ்சம் தள்ளி இருந்தாலும் மாட்டுதா இல்லையா? மாட்டற சட்டைய கடைக்காரன் திருப்பி அனுப்புவானா?”

மாட்டிப் பார்த்தேன். மாட்டியது. கழற்றி மறுபடி மாட்டினேன். அப்போதும் மாட்டியது. எனக்கு வேர்த்தது.

புரிந்த சந்தோஷத்தில் வேர்க்கவில்லை. அந்தக் குறியை நான் பார்த்திருக்கிறேன். மூன்றாம் நம்பர் மெஷினில் ஓடுகிற பிராக்கெட்டின் வரைபடத்திலேயே இருக்கிறது. பரீட்சையில் தெரியாத கேள்வியைத் தாண்டிப் போகிற மாதிரி அதைப் பத்தொன்பது வருடமாகத் தாண்டிப் போயிருக்கிறேன். துளையை அளந்தேன், சரி என்றேன். இடத்தை அளந்தேன், தப்பு என்றேன். இரண்டையும் சேர்த்துப் பார்க்க வேண்டும் என்று எனக்குத் தெரியாது. அந்தப் பாரிவாக்கத்துக்காரன் போட்ட கடைசி லாட், இருநூற்றுப் பன்னிரண்டு பிராக்கெட், என் சிவப்பு டேக்கோடு ரிஜெக்ட் கூண்டுக்குள் ஸ்கிராப்புக்குக் காத்திருந்தது.

“இன்னா ஆச்சு?” என்றாள் மனைவி.

ஒன்றுமில்லை என்றேன். என் முகத்தைப் பார்த்தாள். இந்த முறை எதையும் படித்துச் சொல்லவில்லை.

ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் போதகர் மனந்திரும்புதல் பற்றிப் பேசினார். நான் மின்வெட்டுக்காக ஜெபித்தேன். திங்கட்கிழமை அம்பத்தூர் முழுக்கக் கரண்ட் ஜோராக இருந்தது.

மாடி ஹாலில் பழைய நாற்காலிகள், பழைய ஃபேன், புது நான். பதினாலு பேர் உட்கார்ந்திருந்தார்கள். பின் வரிசையில் மேனேஜரும், பக்கத்தில் தர அதிகாரி அம்மாவும். என்னைவிடப் பத்து வயது சின்னவர், ஒரு நோட்டுப் புத்தகத்தோடு. முன் வரிசையில், சரியாக என் மூக்குக்கு எதிரே, பாரிவாக்கத்துக்காரன். யாருடைய முதுகுக்குப் பின்னாலும் போகாமல் அங்கே வந்து உட்கார்ந்ததிலேயே அவன் நோக்கம் தெரிந்தது.

வீட்டிலிருந்து கொண்டுபோன யூனிபார்ம் சட்டையை எடுத்தேன். மனைவி சொன்னதை, அவள் சொன்ன வரிசையிலேயே, அவள் இழுவையோடு சொன்னேன். பட்டன், காஜா, கடைக்காரன். ஆச்சரியம், எல்லோரும் கேட்டார்கள். சட்டை கை மாறி கை மாறிப் போனது. ஒருவரும் தலையாட்டவில்லை, மாட்டிப் பார்த்தார்கள். நாற்பது நிமிடத்தில் எனக்கு நானே ஒரு டை கட்டியிருக்கலாமோ என்கிற அளவுக்குத் திமிர் வந்துவிட்டது.

அப்போதுதான் அவன் கையைத் தூக்கினான்.

“செவப்பு. எங்க பிராக்கெட்டு டிராயிங்ல இந்தக் குறி கீதா?”

“இருக்கு.”

“அப்ப இத்தினி வருசமா காஜாவ பாக்காமயா எனுக்கு டேக் ஒட்ன?”

ஒரு நல்ல மனிதன் அந்த இடத்தில் உண்மையைச் சொல்லியிருப்பான். நான் புது ரூல் என்றேன். போன வருடம்தான் வந்தது, கஸ்டமர் இப்போதுதான் சேர்த்திருக்கிறார்கள் என்று சரளமாகச் சொல்லிக்கொண்டே போனேன். கஸ்டமரே பின் வரிசையில் உட்கார்ந்திருப்பது எனக்கு ஞாபகம் வந்தபோது வாக்கியம் முடிந்துவிட்டது. அந்த அம்மா நோட்டில் ஏதோ எழுதினார்.

அவன் எழுந்து வெளியே போனான். கோபித்துக்கொண்டு போகிறான், தொலைந்தான் என்று நினைத்தேன். ஐந்து நிமிடத்தில் திரும்பி வந்தான். ஒரு கையில் சிவப்பு டேக் தொங்கும் பிராக்கெட், இன்னொரு கையில் மெஷினில் மாட்டியிருக்கும் எண்ணெய்க்கறை வரைபடம். இரண்டையும் என் மேஜைமேல் வைத்து, வரைபடத்தின் மூலையில் தேதி போட்டிருக்கும் கட்டத்தை விரலால் தொட்டுக் காட்டினான். இருபது வருடத்துக்கு முந்தைய தேதி. அவன் கத்தியிருந்தால் நானும் கத்தியிருப்பேன், எப்படியாவது வகுப்பு முடிந்திருக்கும்.

தர அதிகாரி அம்மா முதல் முறையாகப் பேசினார். “சார், இந்தக் காஜா உதாரணம் கோர்ஸ்ல இல்லையே. நீங்க எப்படிப் படிச்சீங்க?”

மூளை எல்லாப் பொய்களையும் ஒரே நேரத்தில் நீட்டியது, ஒன்றுகூடக் கைக்கு வரவில்லை. வந்தது இதுதான்: “நான் படிக்கல மேடம். என் சம்சாரம் படிச்சா.”

மேனேஜர் விழுந்து விழுந்து சிரித்தார். இவர் எப்பவும் இப்படித்தான் மேடம், பெரிய ஜோக்கர் என்றார். ஹாலே சிரித்தது. வாழ்க்கை முழுக்க நான் செய்த கோமாளித்தனமெல்லாம் சேர்ந்து அந்த நிமிடம் எனக்கு ஒரு கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றது. நானும் ஒரு சிரிப்புச் சிரித்துவிட்டால் போதும். தொண்ணூற்றாறும் ஸ்டூலும் என்னுடையவை. பாதிச் சிரிப்பு உதட்டுக்கு வந்தும் விட்டது.

அவன் ஒருவன்தான் சிரிக்கவில்லை. பிராக்கெட்டை மேஜையிலிருந்து எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு என்னையே பார்த்துக்கொண்டு நின்றான்.

நான் யோக்கியன் என்பதால் அடுத்ததைச் சொன்னேன் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். இவன் இன்னொரு கேள்வி கேட்பான், அதற்கும் எனக்குப் பதில் தெரியாது என்ற பயம்தான். “ஜோக் இல்லை,” என்றேன். நூல் டப்பாவைச் சொன்னேன். ‘இருக்கிறேன்’ கட்டத்தைச் சொன்னேன். காஜா அவளுடையது என்றேன். கடைசியாக, அவன் பக்கம் பார்க்காமல், சுவரில் இருந்த ஃபேன் ஸ்விட்சைப் பார்த்து, இந்தக் குறி எனக்குப் பத்தொன்பது வருடமாகத் தெரியாது, போன வெள்ளிக்கிழமை வரை தெரியாது என்றேன்.

சிரிப்பு எப்போது நின்றது என்று தெரியவில்லை. மற்ற பதிமூன்று பேரும் என்னை முறைத்தார்கள். ஓடவிட்ட ரகசியம் அவர்களுடையதும்தான்.

அந்த அம்மா நோட்டை மூடினார். இருபத்திரண்டு பேரும் நாளைக்கு இதே ஹாலில், தாளில், தன் முன்னால் எழுத வேண்டும் என்றார். முதலில் கூண்டில் இருக்கும் லாட்டை மறுபடி அளக்க வேண்டும் என்றார். மேனேஜர் ஏதோ நன்மைகள் பற்றி ஆரம்பித்தார். அந்த அம்மா அவரைப் பார்த்த பார்வையில் அந்த வாக்கியம் அங்கேயே இறந்தது.

அன்று மதியம் இருநூற்றுப் பன்னிரண்டையும் அளந்தேன். அவன் பக்கத்தில் நின்று ஒவ்வொன்றையும் பார்த்தான். நான் துளையை அளந்து, இடத்தை அளந்து, இரண்டையும் கூட்டிக் கழித்து, சிவப்பு டேக்கைப் பிய்த்தேன். பிய்த்த டேக்குகளை அவனே பொறுக்கி ஒரு பையில் போட்டுக்கொண்டான். நூற்று எண்பத்தேழு தேறின. முடித்ததும் ஏதாவது சொல்ல வேண்டும் என்று வாயைத் திறந்தேன்.

“வேணா,” என்றான். “பதினோரு வருசத்த திருப்பி அளக்க உன்னான்ட கூண்டு இல்ல.”

போய்த் தன் மெஷினுக்கு மேலிருந்த கரும்பலகையை அவனே கழற்றினான். கொண்டுவந்து என் ஸ்டூல்மேல் வைத்துவிட்டுப் போனான்.

மறுநாள் பரீட்சையில் எனக்கு எழுபத்திரண்டு. ஸ்டூல் தப்பியது. அந்த வருட இன்க்ரிமென்ட் தப்பவில்லை, ஓர் எச்சரிக்கைக் கடிதமும் வந்தது. அவனுக்கு எண்பத்து நாலு. கேட்டில் வழிமறித்து, ஒரு மணி நேரம் நீ சொன்னதைக் கேட்டே நான் எண்பத்து நாலு, சொன்ன நீ எழுபத்திரண்டு, நீயெல்லாம் எதுக்கு வாயத் திறக்கிற என்று கேட்டுவிட்டுப் போனான். செட்டர் வேலைக்கு இந்த முறை அவன் பெயர் போயிருக்கிறது. இன்னும் பதில் வரவில்லை. என்னை இப்போது செவப்பு என்று கூப்பிடுவதில்லை. ‘காஜா’ என்கிறான். கம்பெனி முழுக்க அதுதான் என் பெயர். நோட்டீஸ் போர்டில் ‘எங்கிருந்தும் படிக்கலாம்’ என்ற வரிக்குப் பக்கத்தில் யாரோ பேனாவால் ‘யார் வேணா படிக்கலாம்’ என்று சேர்த்திருந்தார்கள். எண்ணெய்க்கறை விரல் அடையாளம் இருந்தது. நான் விசாரிக்கவில்லை.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் எழுபத்திரண்டு என்றேன். மெஷின் ஓடிக்கொண்டே இருந்தது.

“தொண்ணூத்தாறு வாங்கிக் குட்த்தேன். எழுவத்திரண்டாக்கி எட்த்தாந்துகிற. எதுல வுட்ட?”

ஒன்பதாவது பாடம் என்றேன்.

“அதத்தான் மூணு தபா சொன்னேன்.” மெஷினை நிறுத்தினாள். போனை எடுத்து, ஒன்பதாவது பாடத்தைத் தேடி, தட்டி, நூல் டப்பாமேல் சாய்த்து வைத்தாள். ஸ்டூலைக் காலால் என் பக்கம் தள்ளிவிட்டு, சோறு வைக்க உள்ளே போய்விட்டாள்.

பாஸாகிவிட்டேனே, இனி எதற்கு என்று அவள் முதுகைப் பார்த்துக் கேட்க நினைத்தேன். நீலச்சட்டைக்காரன் சிரித்தபடி ஆரம்பித்தான். பழக்கத்தில் தலை ஆடியது, பிடித்து நிறுத்தினேன். புரியாத இடத்தில் பின்னால் தள்ளினேன். மறுபடி தள்ளினேன். உள்ளே குக்கர் விசில் அடிக்கும் நேரத்தில் திரையில் அந்தக் கட்டம் வந்தது. நீங்கள் இருக்கிறீர்களா?

எரிச்சலோடுதான் அழுத்தினேன். ஆனால் நான்தான் அழுத்தினேன்.